என்றென்றைக்கும் விற்கப்பட்ட நிலம்: லண்டன் ஹைகேட் கல்லறைத் தோட்டத்தின் சட்ட வரலாறு

லண்டனின் வடபுறத்தில், ஹைகேட் குன்றின் சரிவில் ஏறத்தாழ 37 ஏக்கர் பரப்பில் அமைந்துள்ள கல்லறைத் தோட்டம், தமிழ் வாசகர்களுக்குப் பெரும்பாலும் கார்ல் மார்க்ஸ் அடக்கம் செய்யப்பட்ட இடமாகவே அறிமுகமாகியிருக்கிறது. ஏறத்தாழ 53,000 கல்லறைகளில் 1,70,000 பேர் உறங்கும் அந்த இடம் இலாபத்துக்காகத் தொடங்கப்பட்டு, வருவாய் வற்றியதும் கைவிடப்பட்டு, பின்னர் தன்னார்வலர்கள் கூடி அமைத்த இலாப நோக்கற்ற அமைப்பொன்றால் மீட்கப்பட்டது என்பது அவ்வளவாகப் பேசப்படாத செய்தி. பழைய கல்லறை நிலமொன்றைப் பேணுவதற்கு நல்லெண்ணமும் உடலுழைப்பும் போதும் என்று தோன்றக்கூடும். ஆனால் இங்கிலாந்தில் புதைக்கப்பட்ட உடல், அதை மூடிய மண், மண்ணின் மேல் நிற்கும் கல், அந்த நிலத்தைப் பிரதிஷ்டை செய்த திருச்சபை ஆகிய ஒவ்வொன்றின் பொருட்டும் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு நோக்கத்தோடு சட்டங்கள் எழுந்திருப்பதால், அவை அனைத்துக்கும் பதில் சொல்லாமல் அங்கே ஒரு கல்லைக்கூட நிமிர்த்தி வைக்க இயலாது. அந்தச் சட்டங்களின் அடியில் கிடக்கும் சிக்கல், பத்தொன்பதாம் நூற்றாண்டின் வணிகர்கள் தம் வாடிக்கையாளர்களுக்கு எழுதிக் கொடுத்த ‘என்றென்றைக்கும்’ என்ற ஒரே வாக்குறுதியில் தொடங்குகிறது.

அந்த வாக்குறுதி ஏன் அவ்வளவு விலைபோனது என்பதை உணர, அதற்கு முந்தைய லண்டனைப் பார்க்க வேண்டும். 1801இல் ஏறத்தாழ 10 இலட்சமாக இருந்த நகரின் மக்கள்தொகை அடுத்த நாற்பது ஆண்டுகளில் இருமடங்கானது. இறந்தோரை ஏற்க வேண்டிய பங்குக் கோயில் வளாகங்களோ இடைக்காலத்தில் இருந்த அளவிலேயே நின்றன. ஒரே குழியில் பெட்டியின்மேல் பெட்டியாக அடுக்குவதும், புதியவருக்கு இடம் செய்யப் பழைய எலும்புகளை வெட்டியெறிவதும் அன்றாட வழக்கமாயின. ஈனன் சேப்பல் என்ற சிறு வழிபாட்டு மன்றத்தின் தரைப்பலகைகளுக்கு அடியில் ஏறத்தாழ 12,000 உடல்கள் திணிக்கப்பட்டிருந்ததாக வெளிவந்த செய்தி நகரையே அதிரவைத்தது. ஜார்ஜ் ஆல்ஃப்ரெட் வாக்கர் என்ற மருத்துவர் 1839இல் வெளியிட்ட நூல் இத்தகைய இடங்களை ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டு, அழுகும் உடல்களின் ஆவியே நோய்களைப் பரப்புகிறது என்று வாதிட்டது. அந்த நோய்க் கோட்பாடு பின்னாளில் தவறென்று மெய்ப்பிக்கப்பட்டாலும், அது எழுப்பிய அச்சம் 1852ஆம் ஆண்டின் அடக்கச் சட்டம் வழியாக நகரத்தின் உட்பகுதிக் கல்லறைகள் மூடப்படக் காரணமாயிற்று.

அரசு விழித்துக்கொள்வதற்கு முன்பே முதலீட்டாளர்கள் விழித்துக்கொண்டனர். 1833இல் திறக்கப்பட்ட கென்சல் கிரீன் தொடங்கி 1841இல் திறக்கப்பட்ட டவர் ஹேம்லெட்ஸ் வரை, வெஸ்ட் நார்வுட், ஹைகேட், ஆப்னி பார்க், நன்ஹெட், பிராம்ப்டன் ஆகியவற்றையும் சேர்த்து, நகரைச் சுற்றி ஏழு பெரும் கல்லறைத் தோட்டங்கள் எழுந்தன. ஏழும் கூட்டுப் பங்கு நிறுவனங்களின் முயற்சிகள். ஹைகேட்டை நிறுவிய லண்டன் செமிட்டரி கம்பெனி, 1836இல் நாடாளுமன்றம் இயற்றிய தனிச்சட்டத்தின் மூலம், அதாவது நாட்டு மக்கள் அனைவருக்குமன்றி ஒரு குறிப்பிட்ட நிறுவனத்துக்கு மட்டும் அதிகாரம் வழங்கும் சட்டத்தின் மூலம் பிறந்தது. நகரின் வடக்கிலும் தெற்கிலும் கிழக்கிலும் ஒவ்வொரு கல்லறைத் தோட்டம் அமைக்க அச்சட்டம் இடமளித்தது என்றாலும், வடக்கே ஹைகேட்டும் தெற்கே நன்ஹெட்டும் மட்டுமே உருவாயின. கட்டடக் கலைஞர் ஸ்டீஃபன் கியரி வகுத்த திட்டப்படி அமைந்த ஹைகேட்டை 1839 மே 20 அன்று லண்டன் பேராயர் பிரதிஷ்டை செய்தார். 17 ஏக்கரில் 15 ஏக்கர் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முறைப்படி அர்ப்பணிக்கப்பட, எஞ்சிய 2 ஏக்கர் அத்திருச்சபையைச் சாராதவர்களுக்கென ஒதுக்கப்பட்டது. எகிப்தியப் பாணி வாயிலும், தேவதாரு மரமொன்றைச் சுற்றி வட்டமாகக் குடையப்பட்ட நிலவறைகளும் செல்வர்களை ஈர்த்ததால் வணிகம் செழித்தது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் சாலையின் மறுபுறத்தில் கிழக்குத் தோட்டம் சேர்க்கப்பட்டபோது, மேற்கிலுள்ள சிற்றாலயத்திலிருந்து சவப்பெட்டியைப் பொதுச் சாலையில் கொண்டுசெல்லாமல் அப்பால் சேர்க்கச் சாலைக்கடியில் சுரங்கவழியே வெட்டப்பட்டது.

கம்பெனி விற்றது நிலத்தையன்று. ஒரு குறிப்பிட்ட இடத்தில் தன் குடும்பத்தாரை மட்டும் புதைப்பதற்கும், அதன்மேல் நினைவுக்கல் எழுப்புவதற்குமான தனியுரிமையையே அது பத்திரம் எழுதி விற்றது. அடிமண் கம்பெனியினுடையதாகவே இருந்தது. இந்த உரிமைக்குக் கால எல்லை இல்லை என்பதே அதன் கவர்ச்சி. ஒரே தவணையில் பெற்ற விலை அவ்வாண்டின் வருமானமாகக் கணக்கில் ஏறி, பங்குதாரர்களுக்கு ஈவுத்தொகையாகப் பிரிந்துபோயிற்று. விற்கும் இடம் தீர்ந்தபின் மதிலையும் பாதையையும் எந்தப் பணத்தைக் கொண்டு பழுது பார்ப்பது என்ற கேள்வியை அன்றைய சட்டம் எழுப்பவேயில்லை. பின்னர் வந்த கல்லறைக் கம்பெனிகளுக்குப் பொது விதிகளாக அமைந்த 1847ஆம் ஆண்டுச் சட்டம்கூட, கல்லறைத் தோட்டத்தை முழுமையாகச் செப்பனிட்டு வைத்திருக்க வேண்டும் என்று கட்டளையிட்டுவிட்டு, அதற்கான செலவை வந்துசேரும் வருமானத்திலிருந்து செய்யுமாறு சொன்னதோடு நின்றுகொண்டது. விற்பனையில் ஒரு பங்கை வருங்காலப் பராமரிப்புக்கான வைப்புநிதியாக ஒதுக்க வேண்டும் என்ற விதி அதில் இல்லை. இந்த ஒரு விடுபடலே அடுத்த நூற்றாண்டின் எல்லா இடிபாடுகளுக்கும் வேர் என்று சொல்வது மிகையாகாது.

தனி மனிதர்கள் தம் கல்லறைக்காகத் தாமே பணம் ஒதுக்கிவிட்டுச் செல்ல முயன்றபோது, அறக்கட்டளைச் சட்டம் குறுக்கே நின்றது. இறந்தவரின் விருப்பம் ஒரு சொத்தை முடிவின்றிக் கட்டிப்போடக் கூடாது என்பது ஆங்கிலச் சட்டத்தின் பழைய கொள்கை. பொதுநன்மைக்கான அறத்துக்கு மட்டுமே இதில் விலக்கு உண்டு. ஒருவரது சொந்தக் கல்லறையைப் பேணுவது பொதுநன்மை ஆகாது என்பதால், அதற்காக எழுதிவைத்த நிதி ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலத்துக்கு மேல் செல்லாது. முழுக் கல்லறை வளாகத்தையும் பேணுவதற்கு எழுதிவைத்த நிதியோ அறமாகவே கருதப்படும் என்று 1886இல் வாகன் என்பவரின் உயில் குறித்த வழக்கில் தீர்ப்பானது. இவ்வேறுபாட்டின் நடுவே ஒருவர் கண்டுபிடித்த வழி, ஹைகேட்டையே களமாகக் கொண்டது. சர் ஜேம்ஸ் டைலர் என்பவர் 42,000 பவுண்ட் ரஷ்ய அரசுக் கடன் பத்திரங்களை லண்டன் மிஷனரி சங்கத்துக்கு எழுதிவைத்து, ஹைகேட்டிலுள்ள தம் குடும்ப நிலவறையைச் செப்பமாகவும் பெயர் படிக்கும் நிலையிலும் வைத்திருக்குமாறும், தவறினால் அப்பணம் புளூ கோட் பள்ளிக்குப் போய்விடும் என்றும் உயிலில் குறித்தார். மயிலாடியிலும் நாகர்கோவிலிலும் நெய்யூரிலும் பள்ளிகளையும் மருத்துவமனையையும் நடத்திவந்த அதே சங்கம், இலண்டனில் ஒரு நிலவறைச் சாவிக்குக் காவலாக அமர்த்தப்பட்டது. பணம் ஓர் அறத்திலிருந்து இன்னோர் அறத்துக்கே செல்கிறது, இடையில் எவரையும் கல்லறையைப் பேணுமாறு உயில் சட்டப்படி கட்டாயப்படுத்தவில்லை என்பதால் இந்த ஏற்பாடு செல்லும் என்று 1891இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அறக்கட்டளைச் சட்டம் பயிலும் மாணவர்கள் இன்றும் படிக்கும் இத்தீர்ப்பில், கம்பெனியின் ‘என்றென்றைக்கும்’ மீது அதன் வாடிக்கையாளர்களுக்கே முழு நம்பிக்கை இருக்கவில்லை என்பதற்கான சான்றும் ஒளிந்திருக்கிறது.

சரிவு மெல்ல வந்தது. எரியூட்டும் வழக்கம் பரவியது, குடும்பங்கள் இடம்பெயர்ந்தன, இரு உலகப் போர்களும் தோட்டக்காரர்களைப் பறித்துக்கொண்டன. நிலத்தை விற்றுத் தப்பிக்கவும் வழியில்லை. 1884ஆம் ஆண்டின் பயன்பாடற்ற அடக்கநிலச் சட்டம், பழைய கல்லறை நிலங்களின்மேல் கட்டடம் எழுப்புவதைத் தடை செய்திருந்தது. வரவு நின்று கடமை மட்டும் எஞ்சிய நிலத்துக்குச் சந்தையில் மதிப்பேது? 1969இல் மூடப்பட்ட நன்ஹெட் தோட்டத்தை 1975இல் சதர்க் மாநகராட்சி 1 பவுண்ட் கொடுத்து வாங்கியது. ஹைகேட்டை ஆண்ட கம்பெனி 1960இல் அதனினும் பெரிய நிறுவனமொன்றுக்குள் கரைந்தது. 1975இல் பணம் தீர்ந்து மேற்குத் தோட்டம் மூடப்பட்டது. கட்டற்று முளைத்த சைக்கமோர் மரங்களின் வேர்கள் நிலவறைகளைப் பிளந்தன. காவலற்ற இடமென்று அறிந்த சூறையாடிகள் சவப்பெட்டிகளின் ஈயத்தைத் தேடி உள்ளே நுழைந்தனர்.

உள்ளாட்சியின் கையில் ஒப்படைப்பதே தீர்வு என்று எண்ணுவோருக்கு வெஸ்ட் நார்வுட் ஒரு மறுமொழி. 1960களின் நடுவில் அத்தோட்டத்தைக் கட்டாயமாகக் கையகப்படுத்திய லாம்பெத் மாநகராட்சி, உரிமை காலாவதியானதாகத் தான் கருதிய இடங்களை மீண்டும் விற்கவும் பராமரிப்பை எளிதாக்கவும் ஆயிரக்கணக்கான நினைவுக்கற்களை அகற்றிற்று. அந்நிலத்தின் பெரும்பகுதி பிரதிஷ்டை செய்யப்பட்டது. அத்தகைய நிலத்தில் எந்த மாற்றத்துக்கும் ‘ஃபாகல்டி’ எனப்படும் திருச்சபை அனுமதியை, பேராயத்தின் சார்பில் இயங்கும் கன்சிஸ்டரி நீதிமன்றத்திடம் முன்கூட்டியே பெற வேண்டும், மாநகராட்சி பெறவில்லை. 1994இல் வழங்கப்பட்ட தீர்ப்பு அகற்றல்களைச் சட்டவிரோதம் என்று அறிவித்து, சில நினைவுச் சின்னங்களை மீட்டமைக்க உத்தரவிட்டதோடு, கல்லறை நண்பர்கள் சங்கத்துக்கும் இடமுள்ள மேலாண்மைக் குழுவொன்று அமையவும் வழிவகுத்தது. உள்ளாட்சி அமைப்பு ஒன்று சட்டத்தை மறந்தபோது, எந்த அதிகாரமும் இல்லாத தன்னார்வலர்களின் குரலுக்கு நீதிமன்றத்தில் மதிப்புக் கிடைத்தது கவனிக்கத்தக்கது.

ஹைகேட்டில் 1975இல் உருவான ‘ஹைகேட் கல்லறைத் தோட்ட நண்பர்கள்’ அமைப்பு 1981க்குள் இரு தோட்டங்களின் முழு உடைமையையும் பெற்றது. ஏழு தோட்டங்களில் மற்றவற்றின் நண்பர்கள் சங்கங்கள் நிலத்தை வைத்திருக்கும் வேறு அமைப்புகளுக்கு உதவியாளர்களாக இயங்க, இங்கே நண்பர்களே நில உடைமையாளர்களாகி, அதன் பயனாக எல்லாப் பொறுப்புகளையும் தோளில் ஏற்றுக்கொண்டனர். இத்தகைய அமைப்பு இங்கிலாந்தில் அறநிறுவனமாகப் பதிவு பெற வேண்டுமெனில், அதன் நோக்கம் சட்டம் ஏற்ற அறநோக்கங்களுள் அடங்க வேண்டும். பொதுமக்களுக்கு நன்மை பயக்கவும் வேண்டும். 2006ஆம் ஆண்டுச் சட்டமும் பின்னர் அதைத் தொகுத்த 2011ஆம் ஆண்டுச் சட்டமும் மரபுச் செல்வத்தைப் பேணுவதை அறநோக்கங்களுள் ஒன்றாக வெளிப்படையாகவே சேர்த்துள்ளன. இறந்தோரை அடக்கம் செய்வதும் எரியூட்டுவதும் அறமே என்பதை, ஸ்காட்லாந்தின் எரியூட்டுச் சங்கமொன்றின் வழக்கில் பிரபுக்கள் அவை முன்னதாகவே ஏற்றிருந்தது. பொதுநன்மை என்னும் இரண்டாம் நிபந்தனை, கதவைப் பூட்டிவைத்துக் கல்லறையைக் காப்பதை இயலாததாக்குகிறது. நுழைவுக் கட்டணம் வாங்கலாம், ஆனால் பொதுமக்கள் உள்ளே வர வேண்டும். பொறுப்பாளர்கள் அப்பதவிக்கு ஊதியம் பெறலாகாது. ஈட்டும் உபரியை எவருக்கும் பங்கிட இயலாது. ஆண்டுதோறும் கணக்கை அறநிறுவன ஆணையத்திடம் ஒப்படைத்தாக வேண்டும். பங்குதாரர்களுக்கு ஈவுத்தொகை அளித்தே அழிந்த கம்பெனியின் இடத்தில் இந்த விதிகள் வந்து அமர்ந்தன.

உடைமை கைக்கு வந்த பின்னும், கற்கள் நண்பர்களுடையவை ஆகவில்லை. நினைவுச் சின்னம் அதை எழுப்பியவருக்கும் அவர்தம் வாரிசுகளுக்கும் உரியது. வாரிசுகள் ஐந்து தலைமுறைக்கு அப்பால் எந்தக் கண்டத்தில் இருக்கிறார்கள் என்பது பல வேளைகளில் எவருக்கும் தெரியாது. இதன் மிகத் தெளிவான எடுத்துக்காட்டு மார்க்ஸின் கல்லறையே. 1883இல் ஓர் ஒதுக்குப்புறத்தில் புதைக்கப்பட்ட அவரது எச்சங்கள் 1954இல் புதிய இடத்துக்கு மாற்றப்பட்டு, லாரன்ஸ் பிராட்ஷா வடித்த பெருந்தலைச் சிற்பம் 1956இல் அங்கே திறக்கப்பட்டது. அச்சின்னத்துக்கு உரிமையாளர் மார்க்ஸ் கல்லறை அறக்கட்டளை என்ற வேறோர் அமைப்பு. 2019 பிப்ரவரியில் அது சுத்தியலால் தாக்கப்பட்டபோது, நிலத்தின் காவலர் ஒருவராகவும் கல்லின் உரிமையாளர் இன்னொருவராகவும் இருந்ததோடு, அது முதல்தரப் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள சின்னம் என்பதால் பழுது பார்க்கும் முறையில் அரசின் மரபுக்காப்பு விதிகளும் குறுக்கிட்டன.

உடலைப் பற்றிய சட்டம் இன்னும் கடுமையானது. 1857ஆம் ஆண்டின் அடக்கச் சட்டம், உள்துறை அமைச்சரின் உரிமம் இன்றி மனித எச்சங்களைத் தோண்டியெடுப்பதைக் குற்றமாக்கியது. கவிஞரும் ஓவியருமான டான்டே கேப்ரியல் ரோசெட்டி, தம் மனைவி எலிசபெத் சிடாலுடன் 1862இல் புதைத்துவிட்ட கவிதைக் கையெழுத்துப் பிரதியை 1869இல் மீட்டது அத்தகைய அனுமதியோடுதான். அதைவிடச் சட்டத்துக்குப் பாடமாக அமைந்தது ட்ரூஸ் வழக்கு. 1864இல் இறந்ததாகச் சொல்லப்பட்ட டி. சி. ட்ரூஸ் என்ற வணிகர் உண்மையில் போர்ட்லண்ட் கோமகனே என்றும், சாவு பொய் என்றும், பெட்டியில் உடலே இல்லை என்றும் அவருடைய மருமகள் 1898இல் கல்லறையைத் திறக்கக் கோரினார். திருச்சபை நீதிமன்றம் மட்டும் அனுமதித்தால் போதுமா, உள்துறை உரிமமும் வேண்டுமா, கல்லறையின் உரிமையாளர் மறுத்தால் என்னாகும் என்று ஆண்டுக்கணக்கில் வழக்காடியபின், 1907 டிசம்பர் 30 அன்று கல்லறை திறக்கப்பட்டது. ட்ரூஸின் உடல் அங்கேயே இருந்தது. இன்று பிரதிஷ்டை செய்த நிலமானால் திருச்சபையின் ஃபாகல்டி, மற்ற நிலமானால் நீதி அமைச்சகத்தின் உரிமம் என்று எல்லை வகுக்கப்பட்டிருக்கிறது. சுவரொன்றைச் சீர்செய்ய அடித்தளம் தோண்டும் மறுசீரமைப்பாளர் எலும்பைக் கண்டால், இந்தக் கேள்வி உடனே எழுகிறது.

இவற்றுக்கு அப்பால், 1957ஆம் ஆண்டின் இடப் பொறுப்பாளர் கடப்பாட்டுச் சட்டப்படி வருகையாளரின் பாதுகாப்புக்கு நிலம் வைத்திருப்பவரே பொறுப்பு. சாய்ந்த நினைவுக்கல் விழுந்து குழந்தைகள் இறந்த நிகழ்வுகளுக்குப் பின், ஒவ்வொரு கல்லின் உறுதியையும் சோதிப்பது கட்டாயப் பணியாயிற்று. நிலவறைகளில் தங்கும் வௌவால்களைக் கலைப்பதையும் சட்டம் தடுக்கிறது.

இத்தனை கடமைகளையும் நிறைவேற்றத் தேவையான பணத்தின் கணிசமான பகுதி இன்னும் புதிய கல்லறை உரிமைகளின் விற்பனையிலிருந்தே வருகிறது. ஆனால் விற்பதற்கான இடம் தீர்ந்துகொண்டே வந்தது. பழைய கம்பெனி என்றென்றைக்குமாக விற்ற இடங்களில் பல, ஒரே ஓர் அடக்கத்தோடு நூறாண்டுக்கு மேல் எவரும் எட்டிப்பார்க்காமல் கிடந்தன. லண்டன் மாநகராட்சிகளுக்கு 75 ஆண்டு பயன்படாத உரிமைகளை முடிவுக்குக் கொண்டுவரும் அதிகாரத்தை 1976ஆம் ஆண்டுச் சட்டமும், பழைய கல்லறைகளை மறுபடி பயன்படுத்தும் அதிகாரத்தை 2007ஆம் ஆண்டுச் சட்டமும் வழங்கியிருந்தன. அறநிறுவனம் என்ற முறையில் ஹைகேட்டுக்கு அவற்றில் பங்கில்லை. எனவே நண்பர்கள் அமைப்பு, 1836இல் கம்பெனி சென்ற அதே நாடாளுமன்ற வாயிலுக்கே சென்று, தனக்கென்று ஒரு தனிச்சட்டத்தைக் கேட்டு 2022இல் பெற்றது. ஹைகேட் கல்லறைத் தோட்டச் சட்டம் என்னும் அது, 75 ஆண்டுகளாகப் பயன்படாத உரிமையை முடித்துவைக்கவும், 75 ஆண்டுகளுக்கு மேல் மண்ணில் கிடக்கும் எச்சங்களை எடுத்து ஆழப்படுத்திய அதே குழியிலோ தோட்டத்தின் வேறோர் இடத்திலோ மீண்டும் அடக்கம் செய்யவும் இடமளிக்கிறது. அதற்கு முன் செய்தித்தாளில் அறிவிக்க வேண்டும். தோட்டத்தில் அறிவிப்பு வைக்க வேண்டும். பதிவேட்டிலுள்ள உரிமையாளருக்குக் கடிதம் அனுப்ப வேண்டும். போர்வீரர் கல்லறையானால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்துக்கும் தெரிவிக்க வேண்டும். உறவினர் ஒருவர் மறுப்புத் தெரிவித்தால் அடுத்த 25 ஆண்டுகளுக்கு அந்த எச்சங்களைத் தொடக்கூடாது.

இலட்சத்துக்கும் மேற்பட்டோர் உறங்கும் மண்ணைக் காக்க, சிலரது நிரந்தர உரிமையை முடித்துவைக்க வேண்டியிருக்கிறது என்ற இக்கட்டை இந்தச் சட்டம் மறைக்கவில்லை. மறுப்பதற்கான காலத்தையும் வழியையும் வகுத்ததன் மூலம் அதை நேர்மையாகவே எதிர்கொள்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒருவர் பணம் கொடுத்து வாங்கிய உரிமையைப் பறிப்பதாக இது தோன்றலாம். ஆனால் அந்த விலை எப்போதோ ஈவுத்தொகையாகக் கரைந்துபோனது என்பதையும், அதற்குப் பின் அக்கல்லறையைச் சுற்றிப் புதர் வெட்டியவர்கள் எந்த விலையும் பெறாத தன்னார்வலர்கள் என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும். அடக்கச் சட்டங்கள் முழுவதையும் திருத்தும் பணியில் இறங்கிய சட்ட ஆணையம், 2024 அக்டோபரில் வெளியிட்ட கலந்தாய்வு அறிக்கையில், இத்தகைய மறுபயன்பாட்டை உரிய பாதுகாப்புகளோடு ஏனைய கல்லறை நிலங்களுக்கும் விரிக்கலாமா என்று கேட்டிருக்கிறது. ஹைகேட்டிலோ, மறுபயன்பாட்டுக்குத் தெரிந்தெடுக்கப்படும் ஒவ்வொரு கல்லறையின் பெயரும் அறிவிப்பில் இடம்பெற, எங்கோ இருக்கக்கூடிய ஒரு கொள்ளுப்பேரனின் மறுப்புக்காகச் சட்டம் விதித்த ஆறு மாதங்கள் கழிந்த பின்னரே மண்வெட்டி இறங்குகிறது.